கெசையாவின் வம்சம்

புகையிலை விற்றதும் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று டூயி டர்பின், ஒரே வீட்டில் இருந்து வயலில் தன்னோடு உழைத்த ஓர்லாவிடம் வருஷா வருஷம் சொன்னான். புகையிலையும் வருஷா வருஷம் விற்றது. போன குளிர்காலத்தில் மனுஷன் கல்யாணம் பண்ணாமலே கண்ணை மூடிவிட்டான். குன்றின் மேலிருந்த குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அவனைப் புதைத்தார்கள். பக்கத்தில் இன்னும் ஒருத்தர் படுக்க இடம் இருந்தது. அது தனக்குத்தான் என்று ஓர்லா இருந்தாள். அவன் இல்லாத வீட்டில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை, மண்ணுக்குள்ளாவது அவன் பக்கத்தில் தூங்கவேண்டும் என்று கிடந்தாள்.

டூயியின் அண்ணன் ஹார்லன்தான் கல்லறைக் கமிட்டித் தலைவர். அவர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இங்க கெசையா வம்சம்தான் படுக்கலாம். இல்லேன்னா சர்ச்சுல கைபிடிச்ச பொண்டாட்டி. நீ ரெண்டும் இல்லையேம்மா."

கெசையா யார் என்று அந்தக் கென்டக்கி மலையில் கேட்டால் உதைக்க வருவார்கள். டர்பின்களின் ஆதித்தாய். கல்லிலேயே செதுக்கியிருக்கிறது: 'கெசையா. 1871. எல்லாச் சுமையும் சுமந்தாள். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.' மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறன்று ஹார்லன் இதை உரக்க வாசிப்பார். ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பெண்கள் அவர்களுக்குக் கோழி பரிமாறுவார்கள்.

ஓர்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மலையில் யார்தான் யாருக்குச் சொந்தமில்லை? எந்த வழியிலாவது தானும் கெசையாவின் வாரிசாக இருக்கமாட்டோமா என்று கோர்ட்டு, சர்ச்சுப் பதிவேடுகளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கெசையா பிறந்ததாகவும் இல்லை, பெற்றதாகவும் இல்லை. டர்பின் பிள்ளைகளையெல்லாம் பெற்றவள் அவர்களுடைய முதல் பாட்டன் ஜோசையா டர்பினின் பெண்டாட்டி பெர்மீலியா என்று ஒருத்தி. அவளுக்குக் கல்லே கிடையாது. இதென்ன கூத்து என்று ஓர்லாவுக்குச் சந்தேகம் தட்டியது. கெசையாவின் கல் பாதி மண்ணில் புதைந்திருக்கிறதே, அடியில் என்ன இருக்கும்?

பூ வைக்கும் ஞாயிறன்று மண்வெட்டியோடு போனாள். ஹார்லன் வாசித்து முடித்து, ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தோண்டினாள். மண்ணுக்குள்ளிருந்து முதலில் கல்லில் செதுக்கிய இரண்டு நீளக் காதுகள் வந்தன. அப்புறம் மூஞ்சி, கழுத்துப்பட்டை. அதற்குக் கீழே எழுத்து: 'ஜோசையா டர்பினின் கோவேறு கழுதை. யாரையும் உதைத்ததில்லை.'

ஹார்லன் கோழிக்காலைக் கடித்தபடியே நின்றார்.

"கோவேறு கழுதை குட்டி போடாதே," என்றான் ஒருத்தன் மெதுவாக.

ஹார்லனின் பெண்டாட்டி வெல்டா எழுந்தாள். "யோவ், கல்யாணமான நாள்லேர்ந்து கெசையா மாதிரி இரு, கெசையா மாதிரி இருன்னு என் உசிரை வாங்கினியே. சரி, அந்தப் பெர்மீலியா எங்க?"

எல்லாரும் பார்த்தார்கள். கெசையாவுக்குப் பக்கத்தில் எழுத்தில்லாத ஒரு காட்டுக்கல் கிடந்தது. அதன் மேல்தான் ஐஸ் டீ ஜாடியை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் வைப்பார்கள், தட்டையாக இருக்கும் என்று. வெல்டா போய் ஜாடியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "எதுவானாலும் சட்டம் சட்டம்தான். கமிட்டி கெசையாவை இங்கேர்ந்து எடுக்காது."

"எடுக்கவேணாம்," என்றாள் ஓர்லா. "அவ வாரிசும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல. ஒரு டர்பினோட காலமெல்லாம் சேர்ந்து உழைச்சவ, அதுக்காக அவளுக்கு இடம் கொடுத்தீங்க. அதே கணக்குல எனக்கும் கொடு."

ஹார்லன் கல்லைப் பார்த்தார், கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் வெல்டாவைப் பார்த்தார்.

"சரி, படுத்துக்கோ," என்றார். "கல்லுல என்ன எழுதணும்?"

ஓர்லா டூயியின் மண்மேட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

"உதைப்பாள்னு எழுது. மண்ணுல புதையாம மேலேயே எழுது."