நூற்று நாற்பது மூட்டை

நிலைநீரியல் பாடத்தை முடித்த அன்று சுந்தரராஜ் சார் புத்தகத்திலிருந்து வீட்டுக்கணக்கு எதுவும் கொடுக்கவில்லை. சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "இதில் இருப்பதெல்லாம் சீமைக்காரன் பீப்பாய், சீமைக்காரன் தொட்டி. திங்கட்கிழமைக்குள் உங்கள் ஊரில் கிடக்கிற ஒரு பொருளை அளந்து, நீங்களே கணக்கை உண்டாக்கி, நீங்களே தீர்த்துக்கொண்டு வாருங்கள்" என்றார். இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு வகுப்பு முழுவதும் முணுமுணுத்தது. மயிலாடிச் சிவதாணு, ஓர் ஆட்டுரலைக் கிணற்றில் தொங்கவிட்டு எடை பார்க்கப் போவதாகச் சொன்னான்.

பக்கீர் முகம்மது யோசிக்கவே இல்லை. அவன் ஊர் குளச்சல். அவன் 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன் மைதீன் கனி அங்கே ஒரு சரக்கு வள்ளத்தின் தண்டல். எட்டுத் துடுப்புக்காரர்களை வைத்து அதை நடத்துகிறவன். கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கறுப்பு மணல் மூட்டைகளைக் கரையிலிருந்து அவற்றுக்குக் கொண்டு சேர்ப்பது இந்த வள்ளங்கள்தான். வள்ளமும் சரக்கேற்றும் குத்தகையும் ஓர் ஒப்பந்தக்காரருடையவை. கரையில் அவருடைய வாயும் கையும் மேஸ்திரி கோலப்பன்.

சனிக்கிழமை காலையில் வள்ளம் மணலில் ஏறிக் கிடந்தபோது பக்கீர் அதற்குள் குதித்தான். நீளத்தை அளந்தான். அடிப்பலகையில் மண்டியிட்டு அகலத்தை அளந்தான். உயரத்தை அளந்தான். வள்ளத்தின் எடை, ஆட்களின் எடை, ஒரு மூட்டையின் எடை எல்லாவற்றையும் அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொண்டான்.

"எதுக்குலே இதெல்லாம்?" என்றான் மைதீன் கனி.

"காலேஜுல கணக்கு காக்கா. விளிம்பு தண்ணிக்கு மேல ஒரு சாண் நிக்கணும்னா, எத்தன மூட்ட ஏத்தலாம்னு கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சா எனக்கிட்டயும் சொல்லு." அண்ணன் சிரித்துவிட்டுப் போனான்.

மத்தியானம் உம்மா சைனப் பீவி சோறு போட்டு வைத்திருந்தாள். பக்கீர் உட்காரவில்லை. விடை வந்துவிட்டது. நூற்று நாற்பது மூட்டை. பெருக்கலைத் திரும்பச் செய்தான். வகுத்தலைத் திரும்பச் செய்தான். அதே நூற்று நாற்பது. அண்ணன் வள்ளத்தில் எத்தனை ஏற்றுகிறார்கள் என்று அவன் இதுவரை எண்ணியதில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான்.

சுமைக்காரர்கள் வரிசையாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூட்டைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்று நாற்பது தாண்டியது. நூற்று அறுபது தாண்டியது. நூற்று எண்பதில் கோலப்பன் கையைத் தூக்கினார். வள்ளம் மெல்ல நகர்ந்து போயிற்று. விளிம்புக்கும் நீருக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று பக்கீருக்குக் கரையிலிருந்து சரியாகத் தெரியவில்லை. ஒரு தடவை சாண் போலத் தெரிந்தது. மறுதடவை ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்தது. அது திரும்பி வரும்வரை அவன் கரையில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கயிறு கட்டும் மரத்திலிருந்து மீன் ஏலம் போடும் மேடு வரை நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான்.

அன்று சாயங்காலம் தாளை அண்ணன் முன்னால் விரித்தான்.

"நாப்பது மூட்ட கூடுதல் காக்கா. ஒரு அல ஏறி அடிச்சா உள்ள வந்திரும்."

மைதீன் கனி தாளைப் பார்த்தான். அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எண்கள் மட்டும் தெரியும்.

"இது உள்ளதா?"

"மூணு தடவ போட்டுப் பாத்தேன்."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்தைத் தன் கணக்குக்குக் கிடைத்த மதிப்பு என்று பக்கீர் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நூற்று நாற்பதாவது மூட்டை ஏறியதும் மைதீன் கனி எழுந்து நின்று, "போதும்" என்றான்.

கோலப்பன் குடையை மடக்கிக்கொண்டு நீரோரம் வந்தார். "என்ன வோய் போதும்? நூத்தி எண்பது ஆகாண்டாமா? கப்பல் செவ்வாக்கிழம கெளம்புது."

"நூத்தி நாப்பதுதான் மேஸ்திரி. அதுக்கு மேல வள்ளம் தாங்காது."

"மூணு வருசமா தாங்கின வள்ளம் இன்னைக்கு எப்படி தாங்காம போச்சு?"

"எனக்க தம்பி கணக்குப் போட்டுப் பாத்தான்."

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். கோலப்பன் சிரிக்கவில்லை. கரையில் நின்ற பக்கீரை ஏற இறங்கப் பார்த்தார். "காலேஜுல வள்ளம் ஓட்டவும் படிச்சுக் கொடுக்கானா? செரி. சேக் முகம்மதே, நீ ஏறு. மைதீனே, நீரு எறங்கும்."

மைதீன் கனி இறங்கினான். கரையில் சும்மா நின்ற வேறொரு தண்டலான சேக் முகம்மது அவன் முகத்தைப் பார்க்காமல் ஏறினான். மிச்ச நாற்பது மூட்டையும் ஏறிற்று. வள்ளம் போயிற்று. அது மூழ்கிவிடும் என்று பக்கீர் பயந்தான். இத்தனை பேர் பார்க்க அண்ணன் இறங்கி நிற்கிறானே, ஒரு அலையாவது உள்ளே ஏறாதா என்றும் ஒரு கணம் நினைத்தான்; நினைத்ததற்காக உடனே கூசிப் போனான். வள்ளம் முழுசாகத் திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. மூன்றாம் நடை திரும்பியபோது யாரும் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததுதான் பெரிய கேலியாக இருந்தது.

அண்ணன் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தான். அவன் மனைவி கதீஜா பீவி, "படிச்சவன் பேச்சக் கேட்டு உள்ள வேலயப் போக்கிட்டாரு" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை நாகர்கோவிலில் வகுப்பு. பக்கீருக்கு வேறு யாருடைய கணக்கும் காதில் விழவில்லை. தன் முறை வந்ததும் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டு, "சார், வழி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் வள்ளம் நூற்று எண்பதோடு போய் வந்துவிட்டது" என்றான்.

சுந்தரராஜ் சார் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அகலத்தை எங்கே அளந்தாய்?"

"அடிப்பலகையில் சார்."

"மேல் விளிம்பில் அகலம் என்ன?"

பக்கீர் கரும்பலகையின் பக்கம் திரும்பினான். வள்ளம் அவன் கண்முன் வந்தது. பெட்டியைப் போல நேராக எழும்பாமல், கை விரித்ததுபோல அகன்று மேலே போகும் அதன் பக்கங்கள் வந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கிற வள்ளம்.

"நீ பெட்டிக்குக் கணக்குப் போட்டிருக்கிறாய். மேலே போகப் போக அகலம் கூடினால், அது தள்ளும் தண்ணீரும் கூடும். தாங்கும் பாரமும் கூடும். வழிக்கு முழு மதிப்பெண் தருகிறேன்" என்றார் சார். வகுப்பில் யாரோ கை தட்டினார்கள்.

அந்த மதிப்பெண் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. செவ்வாய்க்கிழமை வேதியியல் வகுப்பில் நோட்டின் ஓரத்தில் வள்ளத்தின் படத்தை வரைந்துகொண்டிருந்தான். கோட்டாறில் தங்கியிருந்த அறையில் புத்தகத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். சனிக்கிழமை வரை பொறுக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். புதன்கிழமை முதல் மணி அடித்தபோது அவன் கல்லூரியில் இல்லை. குளச்சல் பஸ்ஸில் இருந்தான்.

மைதீன் கனி கரையில், வேறொருவருடைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கூலிக்கு.

"காக்கா, எனக்க கணக்கு தப்பு." பக்கீர் நின்றபடியே கொட்டினான். அடியில் அளந்ததையும், மேலே அகலம் கூடுவதையும், சார் சொன்னதையும், ஒன்றையும் விடாமல் சொன்னான். "நான் போயி மேஸ்திரிகிட்ட சொல்லுதேன். தப்பு எனக்கதான்னு சொல்லுதேன்."

அண்ணன் வலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான். பிறகு, "இரி" என்றான்.

பக்கீர் உட்கார்ந்தான்.

"ஒனக்க தாளப் பாத்தா நான் எறங்கினேன்னு நெனச்சியா? எனக்கு அதுல என்ன தெரியும். போன கார்த்திகையில ஒரு காத்து. பாதி வழியில ஒரு அல வலத்த பக்கமா ஏறி உள்ள கொட்டிச்சு. அள்ளி ஊத்திக் கர சேந்தோம். வீட்டுல சொல்லல்ல. அதுக்கு அப்புறம் நூத்தி எண்பதாவது மூட்ட ஏறயில எல்லாம் எனக்கு அந்தத் தண்ணிதான் நெனப்பு வரும். பயமா இருக்குன்னு ஒரு தண்டல் எப்படிச் சொல்லுவான்? யாரு கூட வருவா? நீ ஒரு தாளக் கொண்டு வந்து தந்த. பயத்துக்குப் பதிலா கணக்குன்னு சொல்லலாம்லா. அதான் சொன்னேன்."

தன் கணக்கை மதித்தான் என்று நினைத்த மௌனம் இதுதானா என்று பக்கீருக்கு முகம் சூடாயிற்று. அண்ணன் அந்தக் கார்த்திகையில் நனைந்து வந்து படுத்தது இப்போது நினைவுக்கு வந்தது. மழை என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள்.

"அப்ப சரியான எண்ணு என்ன?" என்றான் மைதீன் கனி.

"மறுபடி அளக்கணும். ஒவ்வொரு சாணுக்கும்."

இருவரும் வள்ளத்துக்குப் போனார்கள். சேக் முகம்மது மறுக்கவில்லை. "அளங்க. எனக்கும் தெரிஞ்சா நல்லதுதான்" என்று வள்ளத்தை விட்டு விலகி நின்றான். அண்ணன் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தான். தம்பி மறு நுனியைப் பிடித்தான். அடியில், ஒரு சாண் மேலே, இரண்டு சாண் மேலே என்று விளிம்பு வரை அளந்தார்கள். துடுப்புக்காரர்கள் சுற்றி நின்று, "இங்க வளவு உண்டு, அங்க பிடி" என்று சொன்னார்கள். பக்கீர் ஒரு மூட்டைமேல் தாளை வைத்துக் கணக்குப் போட்டான். காற்றில் தாள் படபடத்தது. ஆளாளுக்கு ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

நூற்று எழுபத்திரண்டு.

மைதீன் கனி அந்த எண்ணோடு கோலப்பனிடம் போனான். பக்கீரும் கூடப் போனான்.

"நூத்தி நாப்பதுன்னது எனக்க பிழை. எழுபத்திரெண்டுதான் சரி" என்றான் பக்கீர்.

கோலப்பன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எட்டு மூட்டைக்கா வோய் இத்தன களேபரம்?"

"எட்டு மூட்டைக்குத்தான்" என்றான் மைதீன் கனி. பிறகு, இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னான். "கார்த்திகையில உள்ள தண்ணி ஏறிச்சு மேஸ்திரி. எட்டு உயிரு. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

அவன் சொன்னதைத் துடுப்புக்காரர்கள் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் நான்கு பேர் அன்று அந்தத் தண்ணீரை அள்ளி ஊற்றியவர்கள். சேக் முகம்மது, "எனக்க நடையிலயும் எழுபத்திரெண்டு போதும்" என்றான். கோலப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை கிளம்பவேண்டிய கப்பல் சரக்குக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஆளை மாற்ற நேரமில்லை.

"செரி, ஏறும். நாள நேரத்தோட வந்தாப் போதும்" என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வள்ளம் நூற்று எழுபத்திரண்டு மூட்டையோடு கிளம்பியது. முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போகவேண்டிய பக்கீர் கரையிலேயே நின்றான். விளிம்புக்குக் கீழே ஒரு சாண் இருந்தது, அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் வள்ளம் ஒவ்வொரு அலையிலும் அமிழ்ந்து எழுந்தபோது அந்தச் சாண் ஒரு தடவை இரண்டாகவும், ஒரு தடவை ஒன்றுமே இல்லாமலும் ஆயிற்று. அவன் கணக்கில் கடல் தொட்டித் தண்ணீர் போல அசையாமல் நின்றிருந்தது.

முதல் நடை திரும்பி வந்ததும் அதை அண்ணனிடம் சொன்னான்.

"அலைக்குக் கணக்கு கெடயாதா?" என்றான் மைதீன் கனி, நெற்றியில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

"உண்டு. அது பி.ஏ. கணக்குலதான் வருமாம்."

"அப்ப காத்துள்ள அன்னைக்கு நூத்தி அம்பதோட நிறுத்திக்கிடுதேன். நீ போயிப் படிச்சுட்டு வா. பஸ்ஸ விட்டுராத."

பக்கீர் ஓடினான். பஸ் புறப்பட்டிருந்தது, கையைக் காட்டிக்கொண்டே அதன் பின்னால் ஓடி, திருப்பத்தில் ஏறிக்கொண்டான்.