லோக்கல் பீஸ்

குமரன் மூக்கைச் சிந்திய துண்டில் நீலம் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவன் வேலை பார்க்கும் வீரபாண்டி பனியன் யூனிட்டில் நேவி ப்ளூ துணி ஓடியிருந்தது. குளிர்நாட்டுக்குப் போகும் கனத்த பனியன்களின் உட்புறம் மெத்தென்று இருக்க வேண்டும் என்று, கம்பிப்பல் உருளையில் துணியை விட்டுச் சுரண்டுவார்கள். சுரண்டச் சுரண்டப் பஞ்சுத்தூசி பறக்கும். வருஷக்கணக்காக அது அவன் நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது. நுரையீரல் இனித் தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அவனுக்காகத்தான் அவன் மனைவி கலைமகள் மாய்ந்து மாய்ந்து தூசி மாஸ்க் ஒன்றை உருவாக்கினாள். டெக்ஸ்டைல் படித்தவள். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவள் அண்ணன் செங்கோட்டையன் நடத்தும் கம்பெனியில், ஊசிமுனையில் சொட்டும் கரைசலுக்கு மின்சாரம் ஏற்றி, கண்ணுக்கே தெரியாத நேனோ இழைகளாகப் படியவைத்தாள். இரண்டு துணிகளுக்கு நடுவே அந்தப் படலம் இருந்தால் பொடித்தூசி நுழையாது, மூச்சும் முட்டாது. அண்ணன் கொடுத்த முதல் பெட்டியை அவளே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"போட்டிருக்கறதே தெரியல கலை" என்று குமரன் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சம்சாரம் செய்தது என்று பெருமையடித்து, கூட வேலை செய்பவர்களையும் அவன் அதையே போடவைத்தான்.

அப்படியிருக்க நீலம் எப்படி வரும்?

"மூக்குக் கம்பிய நல்லா அழுத்துனீங்களா? டீ குடிக்கறப்பக் கழட்டித் தாடையில மாட்டியிருப்பீங்க."

"இல்ல, அழுத்தித்தான் போட்டிருந்தேன்" என்றான் இருமலுக்கு நடுவே.

அவள் நம்பவில்லை. கட்டிய புருஷனைச் சந்தேகப்பட்டாள், அண்ணனைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தன் மேலேயே ஆத்திரம் வரும்.

எங்கே கசிகிறது என்று பார்க்க, மறுநாள் காலையில் ஒரு மாஸ்க்கை வெட்டினாள். பிரித்தால் நடுப்படலம் ஒட்டடை மாதிரி இழுபட வேண்டும். ஒன்றும் இழுபடவில்லை. இன்னொன்றை வெட்டினாள். பெட்டி முழுக்க வெறும் துணிதான்.

நேராகக் கம்பெனிக்குப் போனாள். கட்டிங் ஹாலில் மாஸ்க்கும் முகமுமாக நின்றிருந்தான் செங்கோட்டையன்.

"ஏனுங்கண்ணா, இதுல நடு லேயர் எங்கீங்க?"

அவன் அசரவில்லை. "அது எக்ஸ்போர்ட் பீஸ்ல இருக்குது அம்மிணி. அங்க லேப்ல டெஸ்ட் பண்ணுவாங்க. உன்ற மிஷின் ஓடற வேகத்துக்கு லோக்கலுக்கும் சேத்திப் பண்ண முடியுமா?"

வெளிநாட்டுக்கு ஒரு தரம், உள்ளூருக்கு ஒரு தரம் என்பது அவள் பிறந்ததிலிருந்து கேட்டதுதான். பனியனில் அது ரெண்டு துவைப்பில் சுருங்கிப்போவதோடு சரி. இது மனுஷன் மூச்சு.

"அந்த லோக்கல் உங்க மாப்பிள்ளைங்கண்ணா."

"அவருக்குத் தனியா எடுத்து வெக்கோணும்னு நீ சொல்லவே இல்லியே கண்ணு. வெறும் மூஞ்சியோட நிக்கறதுக்கு இது தேவலையல்லோ?"

கூடப் பிறந்தவனிடம் இதைச் சொல்லிவைக்க வேண்டுமா? அவளுக்கு அழக்கூட வரவில்லை.

"உங்க மாஸ்க்கைக் கழட்டிக் குடுங்க."

"இதெதுக்கு?" என்றபடியே கழற்றிக் கொடுத்தான். மேஜைமேல் கிடந்த கத்தரியால் அவள் அதை நடுவில் வெட்டிப் பிரித்தாள். வெள்ளையாக, மெல்லிசாக, அவள் படியவைத்த படலம் விரலோடு இழுபட்டு வந்தது.

அவள் தலை நிமிர்ந்தாள். ஹாலில் பறந்த பஞ்சுக்குப் பயந்து, செங்கோட்டையன் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.