சுவரோரம் வந்த தூண்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், சைதாப்பேட்டைப் பாலத்தடியில் ஓடும் அடையாற்றுத் தண்ணீரை அள்ளி அப்படியே குடிக்கத் தயார். அத்தனையும் சத்தியம்.

மயிலாப்பூரிலிருந்து பெருங்குடிக்கு ஒரு மேம்பால விரைவுச் சாலை புறப்பட்டது. வரைபடத்தில் அது நேராகத்தான் கிளம்பியது. மயிலாப்பூரில் தேர் ஓடும் வீதியைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கியது. தியாகராய நகரில் நகைக்கடைகளுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுப் பின்வாங்கியது. அடையாறு பங்களாக்களின் மதிலைத் தொடக் கூச்சப்பட்டது. இப்படி வளைந்து வளைந்து, யாருக்கும் பயப்படத் தேவையில்லாத இடமாகப் பார்த்து சைதாப்பேட்டைச் சந்து ஒன்றில் நுழைந்தது. அங்கேதான் மெத்தை தைக்கும் அக்பர் பாஷாவின் வீடு.

வீடு முழுக்க இலவம்பஞ்சு மூட்டை. அவரும் மனைவி ஜைதூன் பீயும் அதற்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டுதான் படுப்பார்கள். ஒருநாள் சாலைக்கு அளவெடுக்க யாரோ வந்து வாசல் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். அன்று முதல் பாஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

தூண்கள் நடக்கும் என்பது அதன் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. காலையில் மார்க்கெட் ஓரம் நின்ற கான்கிரீட் தூண், மதியம் டீக்கடைப் பக்கத்தில் நின்றது. மறுநாள் ஊசியில் நூல் கோத்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்வீட்டு வாசலில் நிற்கிறது, தலையில் கம்பிகளைச் சிலிர்த்துக்கொண்டு. பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசையவே அசையாது.

பக்கத்து வீட்டு மெக்கானிக் வடிவேலுவிடம் போய்ச் சொல்லி அழுதார்.

"இன்னா பாய், இதுக்குப் போயி நடுங்கிக்கினு கீற? சொவுத்துல சாமி டைல்ஸ் ஒட்டு. ஒண்ணுக்குப் போறவனே அத்தப் பாத்தா ஒதுங்கிப் போறான். ரோடு எம்மாத்தரம்?"

ஊரே செய்கிற காரியம்தான். பாஷா யோசித்து முடிப்பதற்குள் வடிவேலு பிள்ளையார், சிலுவை, பிறை என்று மூன்று டைல்களை வாங்கி வந்து அம்புக்குறியின் மேல் ஒட்டிவிட்டார். விடிந்து பார்த்தால் தூண் டீக்கடைக்கே திரும்பிப் போயிருந்தது. பாஷா அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பூக்காரி காமாக்ஷி பிள்ளையார் டைலுக்கு ஒரு முழம் மல்லிகை சாத்தினாள். அடுத்து ஒருவர் கற்பூரம் ஏற்றினார், இன்னொருவர் மெழுகுவர்த்தி. சாலையை விரட்டிய சுவர் என்று பேச்சுப் பரவிக் கூட்டம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நெருப்பு, இந்தப் பக்கம் பஞ்சு. பாஷா வாளித் தண்ணீரோடு வாசலிலேயே உட்கார்ந்தார். ஒவ்வொரு பொறி பறக்கும்போதும் வாளியைத் தூக்கித் தூக்கி வைத்தார். அணைத்தால் கூட்டம் அடிக்கும், அணைக்காவிட்டால் வீடு எரியும்.

"டைல்ஸைப் பேத்துடுங்க," என்றாள் ஜைதூன் பீ. "தூணு வந்தா இடிக்கத்தான் செய்யும். நம்மள உள்ள வெச்சுக் கொளுத்தாது."

ஆள் நடமாட்டமில்லாத ஒரு மொட்டை வெயிலில், உளியை வைத்துப் பெயர்த்தார். கடைசி டைல் விழுந்ததும் முதுகில் சில்லென்று ஒரு நிழல் படிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய் மூட்டைகளைக் கட்டத் தொடங்கினார்.

அந்தச் சாலை வரைபடத்தோடு நின்றுபோனது; இன்றுவரை எங்கேயும் அதற்கு ஒரு தூண்கூட எழுப்பப்படவில்லை.