இரண்டாம் பிரதிவாதி

தையல்கடைக்காரி அந்தப் பூட்டை என் மேசைமேல் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். மேசைக் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

"உங்க நண்டு மார்க்க நம்பித்தான் கடையப் பூட்டிட்டுப் போனேன். ரெண்டு மெஷினையும் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. தைக்கக் குடுத்த துணி அத்தனையும் போச்சு. துணி குடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பூட்டு உடைந்திருக்கவில்லை. அதுதான் சிக்கல். உடைந்திருந்தால் திருடன் பலசாலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என் பீரோ சாவியைப் போட்டுத் திருப்பினேன், திறந்துகொண்டது. பட்டறைக் கழிவறைச் சாவியைப் போட்டேன், அதற்கும் திறந்துகொண்டது. அவள் தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து நீட்டினாள். அதையும் போட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எங்கள் பூட்டுக்குள் ஐந்து லீவர் இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு வாயைத் திறக்கும். இதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது இரண்டே இரண்டு, அதுவும் தகரம். ஆனால் மேலே நண்டு இருந்தது. இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு, நான் வரைந்த அதே நண்டு.

"இது எங்க பூட்டு இல்லம்மா. போலி."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் நண்டத்தானே பாத்து வாங்கினேன்."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. திருடியவன் எங்கோ சுகமாக இருக்கிறான், வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

அந்த நண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேறொருவர் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவளாக இருந்தேன் நான். அங்கே அச்சு வெட்டுகிறவராக இருந்தவர்தான் என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டபோது, பிடித்தால் விடாதது எது என்று யோசித்து நண்டை வரைந்தேன். "பூட்டுக்கு எவனாவது நண்டு வைப்பானா? சிங்கம், யானைன்னு வை" என்று அவர் சிரித்தார். டிரேட் மார்க் பதிவு செய்யப் போக வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது. "அந்த ஆபீஸ் வரிசையில எல்லாம் என்னால நிக்க முடியாது. உன் பேர்லயே போட்டுக்கோ." நான் நின்றேன். என் பெயரில் போட்டுக்கொண்டேன்.

என் வக்கீலம்மா சிரிக்கவே மாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. பூட்டைக் கையில் வாங்கித் தன் ஸ்கூட்டர் சாவியால் திறந்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார்.

"நோட்டீஸ் அனுப்பலாம். ஆனா அது கைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சரக்கு இடம் மாறிடும். அதனால எதிராளிக்குச் சொல்லாமயே கோர்ட்ல தடை உத்தரவு கேப்போம். கூடவே ஒரு கமிஷனரக் கேப்போம். அவர் கோர்ட் சார்பா போய்ப் பாத்து, இருக்கறத எல்லாம் சீல் வச்சிட்டு வருவார்."

ஒரு ஹார்டுவேர் கடையில் பில்லோடு போலிப் பூட்டு வாங்கினோம். அந்தக் கடைக்குச் சரக்கு இறக்கும் வண்டி எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தோம். விசாரணை மரக்கடைக்குப் பின்னால் இருந்த ஒரு குடோனில் போய் நின்றது. யாருடையது என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. 'குடோனை நடத்துபவர்' என்றே மனுவில் எழுதினோம். தையல்கடைக்காரியும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கோர்ட் உத்தரவு கொடுத்தது.

கமிஷனர், போலீஸ்காரர், வக்கீலம்மா, நான், நாலு பேரும் குடோன் வாசலில் போய் நின்றபோது ஷட்டர் பூட்டியிருந்தது. போலீஸ்காரர் சுத்தியலால் பூட்டை அடித்தார். அசையவில்லை. கம்பியை விட்டு நெம்பினார். கம்பிதான் வளைந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

"இது அசல் சார். எங்க பட்டறைப் பூட்டு. இப்படி எல்லாம் உடையாது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கூடவே ஒரு பாழாய்ப்போன பெருமை வேறு வந்து தொலைத்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் தகர லீவர், தன் திருட்டுச் சரக்குக்கு மட்டும் என் ஐந்து லீவர். கடைசியில் பூட்டை விட்டுவிட்டு ஷட்டரின் கொண்டியை அறுத்தார்கள்.

அறுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியது என் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. முன்பு எங்கள் பூட்டைக் கடைகடையாகக் கொண்டுபோய்ப் போட்டவன். பிளாஸ்டிக் பைப் வியாபாரம் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிரிந்து போனவன்.

"அண்ணி, நீங்களா?" என்றான், நான் என்னவோ அவன் வீட்டுக்குச் சொல்லாமல் விருந்துக்கு வந்துவிட்டதைப் போல.

உள்ளே பைப் ஒன்றும் இல்லை. மூட்டை மூட்டையாகப் பூட்டு. மூலையில் பூட்டின்மேல் மார்க் குத்தும் ஒரு பிரஸ். அதில் மாட்டியிருந்த அச்சைக் கழற்றி கமிஷனர் என்னிடம் காட்டினார். ஒருவர் கை வெட்டு இன்னொருவருக்கு வராது. என் வீட்டுக்காரர் நண்டின் கண்களை நேராக வைக்க மாட்டார், சற்றே உள்ளே சாய்த்துவிடுவார். மாறுகண் நண்டு என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு. இந்த அச்சிலும் நண்டு அதே மாறுகண்ணால் என்னைப் பார்த்தது. அச்சைக் கையில் வாங்கி அந்தக் கண்களை விரலால் தடவினேன்.

கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டான். கமிஷனர் பக்கம் திரும்பினான்.

"அண்ணன்தான் சார் வெட்டிக் குடுத்தாரு. அண்ணன் சம்மதத்தோடதான் செய்யறேன். அதையும் எழுதிக்குங்க."

கமிஷனர் எழுதிக்கொண்டார்.

வக்கீலம்மா என்னை வெளியே அழைத்துப் போனார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நம்பினார்.

"அப்ப கேளுங்க. மார்க் உங்க பேர்ல இருக்கு. சம்மதம் குடுக்கற உரிமை உங்களுக்குத்தான் உண்டு, உங்க வீட்டுக்காரருக்குக் கிடையாது. ஆனா ரெண்டு பேரும் ஒரே பட்டறை, ஒரே வீடு. அவர் குடுத்தா நீங்க குடுத்த மாதிரின்னு அந்தப் பக்கம் வாதாடுவாங்க. கோர்ட் அத நம்பிட்டா முடிஞ்சது. நாளைக்கு லீவரே இல்லாம பூட்டுச் செய்வான், மேல உங்க நண்டு இருக்கும். நீங்க வாயத் திறக்க முடியாது."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"அவர் சம்மதம் செல்லாதுன்னு கோர்ட்டே சொல்லணும்னா, உங்க வீட்டுக்காரரையும் வழக்குல சேக்கணும். உங்க கொழுந்தன் முதல் பிரதிவாதி. இவர் ரெண்டாவது."

அன்று வீட்டுக்குப் போனபோது அவர் அரத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி அதற்குள் போனில் சொல்லியிருப்பான் போல. என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அவனும் பொழைக்கணும்ல. கெஞ்சினான், வெட்டிக் குடுத்தேன். நம்ம நண்டுதானே? வெளியாளுக்கா குடுத்தேன்?"

"நம்ம நண்டு இல்ல. என் நண்டு."

"அப்படிப் பிரிச்சுப் பேசாத."

"பிரிச்சது நீங்க. பாதிய எடுத்துத் தம்பிக்குக் குடுத்துட்டு என்கிட்ட சேத்துப் பேசறீங்க. அவன் ரெண்டு லீவர்ல செய்யறான்னு தெரியுமா?"

"அது எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சுக்கவும் இல்ல. உங்களையும் வழக்குல சேக்கப் போறேன்."

அவர் மறுபடி அரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். இதுதான் அவர் வழக்கம். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டிக் காட்டியே காலத்தை ஓட்டிய மனிதர். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, நல்லவர் பட்டத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பட்டம் இத்தனை வருஷமாக என் செலவில் நடந்தது.

மறுநாள் காலையிலேயே நாத்தனார் போன் செய்தார். "நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? கட்டின புருஷனக் கோர்ட்ல நிறுத்தறியாமே?"

"உங்க வீட்டுக்கு என்ன பூட்டுப் போட்டிருக்கீங்க அண்ணி?" என்றேன்.

"உங்க பூட்டுதான். ஏன்?"

"அது உங்க எந்தத் தம்பியோட பூட்டுன்னு ஒரு தடவை ஹேர்பின் போட்டுப் பாத்துக்குங்க." அத்தோடு போனை வைத்துவிட்டார்.

சம்மன் கொண்டு வந்த கோர்ட் அமீனா பட்டறை வாசலில் விலாசத்தை இரண்டு முறை படித்தார். வாதி விலாசமும் இரண்டாம் பிரதிவாதி விலாசமும் ஒன்றாக இருந்தது அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

"தப்பா அடிச்சிருக்காங்களாம்மா?"

"சரியாத்தான் இருக்கு. பிரதிவாதி உள்ள பிரஸ் கிட்ட இருக்கார், போங்க."

என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அமீனா போன பிறகு சம்மனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எனக்கு யாரு வக்கீல் வைக்கறது?" என்று என்னிடமே கேட்டார். வீட்டில் எதைத் தேடினாலும் என்னைக் கேட்டே பழகியவர். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருக்கு எதிரில் சிரிக்க மனம் வரவில்லை. உங்கள் தம்பியைக் கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே பதில் மனுவாக வந்தது. வக்கீலம்மா அதை என் பக்கம் தள்ளிவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: வாதி ஒரு குடும்பப் பெண். அவருக்கென்று தனியாகத் தொழில் எதுவும் கிடையாது. பட்டறையும் மார்க்கும் உண்மையில் இரண்டாம் பிரதிவாதிக்கே சொந்தம். வசதிக்காக மட்டுமே மனைவியின் பெயரில் பதிவு செய்யப்பட்டது. கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்து, கோணாமல், அழகாக.

பித்தளைத் தகடு வாங்க அலைந்தது யார்? சாவி சேரவில்லை என்று கடைக்காரர்கள் திட்டியபோது நின்று கேட்டது யார்? ஒவ்வொரு பூட்டையும் கட்டிக் கொடுப்பதற்கு முன் திறந்து மூடிப் பார்த்து என் கட்டைவிரல் ரேகையே தேய்ந்துவிட்டது. வசதிக்காக மட்டும். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மேசையைத் தூக்கி யார் மேலாவது போட வேண்டும் போல இருந்தது.

அன்று வீட்டில் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "படிச்சுப் பாத்துட்டா கையெழுத்துப் போட்டீங்க?"

"வக்கீல் போடச் சொன்னாரு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

விசாரணைக்கு ஒரே வீட்டிலிருந்து தனித்தனியாகப் போனோம். அவர் ஸ்கூட்டரில், நான் பஸ்ஸில். கொழுந்தன் தரப்பு வக்கீல் குடும்பம், பாசம், ஒற்றுமை என்று நீட்டி முழக்கினார். நீதிபதி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இரண்டாம் பிரதிவாதியை நேராகக் கேட்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் கூண்டில் ஏறினார். தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

"இந்த நண்டு யாரோடது?"

"எங்களுதுங்க ஐயா."

"எங்களுதுன்னா யாரோடது?"

"குடும்பத்துதுங்க."

"குடும்பத்துல யார் வரைஞ்சது?"

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"என் வீட்டுக்காரிங்க."

"உங்க தம்பிக்கு அச்சு வெட்டிக் குடுத்தீங்களே, அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்கலீங்க."

"ஏன் கேக்கல?"

கொழுந்தனின் வக்கீல் எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரர் கூண்டின் கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கேட்டா குடுத்திருக்க மாட்டாங்க ஐயா. அவளுது அது. அதனாலதான் கேக்கல."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. அந்த ஒரு வரி போதும் என்று எனக்கே புரிந்தது. சம்மதம் இருந்தது என்ற வாதத்தை ஏற்க முடியாது, தடை உத்தரவு தொடரும், சீல் வைத்த சரக்கில் ஒரு பூட்டுகூட வெளியே போகக் கூடாது என்று நீதிபதி சொன்னார். வெளியே வந்ததும் வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார், சிரிக்கவும் செய்தார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. அவளுது என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதுமே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எடுத்தார், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு சொல்லை வீட்டில் வைத்து ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் கோர்ட் படியே ஏறியிருக்க மாட்டேன்.

கோர்ட் வாசலில் அவர் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். தம்பி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். என்னைக் கண்டதும் இவர் இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

"நான் வீட்டுக்கு வரட்டுமா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அனுமதி என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.