வட்டத்துக்கு ஒரு அடி வெளியே

இயன் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே மறு கையால் சான்ட்விச்சை நீட்டினான். ரூலன் வேண்டாம் என்று தலையாட்டினான். கொஞ்ச தூரம் போனபின் இயன் மறுபடி நீட்டினான். மறுபடியும் வேண்டாம்.

"காலைலேருந்து தண்ணிகூடக் குடிக்கல நீ. என்ன, பயமா?"

"பசிக்கல" என்று சொல்லும்போதே ரூலனின் வயிறு இரைந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாதத்தின் முதல் ஞாயிறு. மார்மன் சபைக்கு உபவாச ஞாயிறு. யாரும் சொல்லாமல், தானும் நினைக்காமல், நேற்று இரவிலிருந்து பட்டினி கிடக்கிறான்.

இயன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தான். "சபைய விட்டு வந்து பதினோரு வருஷமாச்சு. உன் வயிறு மட்டும் இன்னும் அங்கயே இருக்கு பாரு."

மலைகள் விலகி, ரூலன் பிறந்து வளர்ந்த சான்பீட் பள்ளத்தாக்கு திறந்தது. வயல்களுக்கு நடுவே வான்கோழிப் பண்ணைகளின் நீளமான கொட்டகைகள். ரூலன் கண்ணாடியை இறக்கினான். இயன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ரூலன் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான். அந்த நாற்றம் வேறு எங்கேயும் கிடைப்பதில்லை.

மூன்று வாரம் முன்பு தங்கை காரலீ போன் செய்திருந்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு டெலான்னு பேர் வச்சு சபைல ஆசீர்வாதம் பண்றோம். நீ மைக் பிடிக்கிறியா?"

"எந்த மைக்?"

"ஆம்பளைங்க எல்லாம் குழந்தையச் சுத்தி நிப்பாங்கல்ல. அந்த வட்டத்துல நிக்கத்தான் சபை ஆம்பளைங்களுக்குக் குடுக்கற ஆசாரியத்துவம் வேணும். மைக் பிடிக்க எதுவும் வேணாம். பிஷப்கிட்டயே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சபைக் கையேட்டப் புரட்டிப் பாத்தாரு. மைக்கப் பத்தி ஒண்ணும் போடலையாம். போடலேன்னா தப்பில்லேன்னுட்டாரு."

"அப்பா?"

 குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"அப்பாவும் வட்டத்துல நிப்பாரு. உனக்குப் பக்கத்துல."

"அது தெரியுது. என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல." பிறகு, "வேணாம்னும் சொல்லலண்ணா" என்றாள்.

அம்மா ஞாயிறு தவறாமல் போனில் பேசுவாள். அப்பாவைக் கேட்டால் வான்கோழிக் கொட்டகைக்குப் போயிருக்கிறார் என்பாள். பின்னால் அவர் இருமுவது கேட்கும். அம்மாவும் இருமிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

இடி இடித்தால் வான்கோழிகள் மிரண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் கிடப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும். சிறுவயதில், வானம் கறுக்கத் தொடங்கினால் அப்பா ரூலனைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போவார். இரண்டு பேரும் பறவைகளுக்கு நடுவே மெல்ல நடந்துகொண்டே பாடுவார்கள். சபைப் பாட்டுகள்தான், அப்பாவுக்கு வேறு பாட்டு தெரியாது. ரூலனுக்குக் குரல் உடைந்த வருஷம் அவன் ஒரு சரணத்தில் கிறீச்சிட்டான். வான்கோழிகள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தன. அப்பா பாட்டை நிறுத்தி, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவை அப்படிச் சிரிக்கவைத்தது தான்தான் என்று ரூலனுக்கு அன்று முழுக்கப் பெருமை.

இருபத்தைந்தாவது வயதில், அதே அப்பாவிடம், அவருடைய பிக்கப் வண்டியில் உட்கார்ந்து சொன்னான். தனக்குப் பெண்கள்மேல் ஆசை வந்ததே இல்லை என்று. எப்போதும் ஆண்கள்தான் என்று. சபை ஊழியத்துக்காக மிஷனுக்குப் போய்வந்தும், ஜெபித்தும், உபவாசம் இருந்தும் அது மாறவில்லை என்று. அப்பா ஹீட்டரை அணைத்தார். "அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றார். அவனிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அந்த வருஷமே ரூலன் சபையிலிருந்து விலகி சால்ட் லேக் நகரத்துக்குப் போய்விட்டான்.

இப்போது அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா பக்கத்தில் நிற்கவேண்டும். நகர்ந்துகொள்ளாமல் நிற்கவேண்டும்.

இயன் அவனைச் சபைக் கட்டடத்தின் வாசலில் இறக்கிவிட்டான். உள்ளே வருவதில்லை என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். "முடிஞ்சதும் கூப்பிடு. நேரா நம்ம வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். ரூலனின் டையைச் சரிசெய்யக் கையைத் தூக்கி, வாசலில் நின்ற குடும்பத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான்.

உள்ளே எதுவும் மாறவில்லை. அதே கம்பளம், அதே ஆரஞ்சு நிற மரப் பெஞ்சுகள். கூட்டம் அதிகமானால் தள்ளிவிடும் மடிப்புக் கதவு. அதற்குப் பின்னால் விளையாட்டுக் கூடத்தின் கூடைப்பந்து வளையம். பன்னிரண்டு வயதில் வெள்ளைச் சட்டை போட்டு இந்த நடைபாதையில் நற்கருணை அப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறான். ஒருமுறை தட்டு சரிந்து ரொட்டித் துண்டுகள் சபைச் சகோதரி லார்சனின் மடியில் கொட்டின. அவள் அசராமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மிச்சத்த எடுத்துக்கப்பா" என்றாள்.

பிஷப் ஆல்ரெட் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரூலன்! உனக்கு இன்னும் முடி இருக்கா? உங்கப்பா இந்த வயசுல மொட்டை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வட்டத்துக்கு ஒரு அடி வெளிய நில்லு. கைய மட்டும் உள்ள நீட்டு. தப்பா எடுத்துக்காத, என்ன?"

"இல்ல பிஷப்."

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். கழுத்து சட்டைக் காலருக்குள் தளர்ந்து கிடந்தது. எப்போது இவ்வளவு மெலிந்தார்? ரூலன் நின்றான். அப்பா அவனுடைய டையைப் பார்த்தார்.

"மைக்க வாய்கிட்ட வச்சுப் பிடி" என்றார். "ஸ்டெட்சன் மாப்பிள்ளைக்குச் சத்தமே வெளிய வராது."

"சரிப்பா."

அவ்வளவுதான். அவர் உள்ளே போய்விட்டார்.

பாட்டும் ஜெபமும் முடிந்தபின் பிஷப் டெலாவின் பெயரைச் சொன்னார். காரலீயின் கணவன் ஸ்டெட்சன் வெள்ளை உடுப்புப் போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். ஸ்டெட்சனின் அப்பா, ரூலனின் தம்பி ஹைரம், பிஷப், ரூலனின் அப்பா. எல்லோரும் நெருங்கி நின்றார்கள். ஒவ்வொருவரும் வலது கையைக் குழந்தைக்கு அடியில் கொடுத்தார்கள். இடது கையைப் பக்கத்தில் நிற்பவனின் தோளில் வைத்தார்கள். அப்பாவுக்கும் ஹைரமுக்கும் நடுவே மட்டும் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள்; அப்பாவின் இடது கை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ரூலன் ஒரு அடி பின்னால் நின்று அதன் வழியாக மைக்கை நீட்டினான். மிஞ்சிய இடது கையை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவன் மூடவில்லை. மைக் பிடிப்பவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே.

ஸ்டெட்சன் தொண்டையைச் செருமினான். அப்பாவின் இடது கை பக்கத்துத் தோளைத் தேடி எழுந்தது. எத்தனையோ குழந்தைகளுக்கு அந்த வட்டத்தில் நின்ற கை அது, பார்க்காமலே போகும். காற்றில் சற்றுத் தடவி, நடுவில் நீண்டிருந்த ரூலனின் கையில் இடித்து, அவன் தோளில் வந்து உட்கார்ந்தது.

 ரூலன் மைக்கை இறுக்கிப் பிடித்தான்.

அப்பாவின் கண்கள் திறந்தன. தன் கையைப் பார்த்தார். அது யாருடைய தோள் என்று பார்த்தார். கை மேலே எழுந்தது. ரூலனின் தோளில் இருந்த பாரம் போயிற்று. ஹைரமின் தோள் ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது, எட்டினால் கிடைக்கும்.

அப்பா எட்டவில்லை. கை திரும்ப அதே இடத்தில் இறங்கியது. இந்தமுறை பார்த்துக்கொண்டேதான் வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆண்கள் குழந்தையை மெல்லத் தூக்கித் தூக்கி ஆட்டினார்கள். அந்த அசைவு அப்பாவின் கை வழியாக ரூலனுக்கும் வந்தது. ஸ்டெட்சன் பதற்றத்தில் மகளுக்கு நல்ல ஆரோக்கியம், நல்ல நண்பர்கள், நல்ல பற்கள் எல்லாம் வேண்டிக்கொண்டிருந்தான். பற்கள் என்றதும் பெஞ்சில் அம்மாவிடமிருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் ஒன்று வந்தது. ஒரு கணம் கண் திறந்த பிஷப் அப்பாவின் கை இருக்கும் இடத்தைக் கண்டார். கம்பளத்தில் ஏதோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆமென் சொன்னதும் கைகள் விலகின. ஸ்டெட்சன் குழந்தையை உயர்த்திச் சபைக்குக் காட்டினான்.

பெஞ்சில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே இடம் இருந்தது, ரூலன் அங்கே உட்கார்ந்தான். அப்பத் தட்டு வந்தது. அப்பா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தட்டை ரூலனிடம் கொடுத்தார். சபையில் இல்லாத ரூலன் எடுக்காமல் அம்மாவிடம் நீட்டினான். அப்பா அதைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். தாடை இறுகியிருந்தது. பின்பு சபையார் ஒவ்வொருவராக எழுந்து சொன்ன சாட்சிகளின்போது அவர் ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கை ஒரு நிமிஷத்துச் சமாசாரம்தானோ என்று ரூலன் நினைத்தான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அப்பா பின்னாலேயே வந்தார்.

"யாரு உன்னக் கொண்டுவந்து விட்டது?"

"இயன்."

அந்தப் பெயரை அப்பாவின் முன்னால் சொல்வது இதுதான் முதல்தடவை.

"இப்ப எங்க இருக்கான்?"

"பெட்ரோல் பங்க்ல. ஏதாவது சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்."

"ஓய்வுநாள் அதுவுமா, ஞாயித்துக்கிழமை காசு குடுத்துச் சாப்பிடறானா?"

"அவன் நம்ம சபை இல்லப்பா."

"எந்தச் சபையா இருந்தா என்ன? எம் பேத்தி ஆசீர்வாதத்துக்கு வந்தவன் ஞாயித்துக்கிழமை பங்க்ல நின்னு தின்னான்னு ஊர் பேசணுமா? வரச் சொல்லு வீட்டுக்கு."

ரூலன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

"ஒண்ணும் மாறிடல, ரூலன்." அப்பா சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு அது புரியல. இனிமே புரியும்னும் தோணல."

"சரிப்பா."

"உங்கம்மா சீஸ் போட்ட உருளைக்கிழங்கு ஊருக்கே ஆகற மாதிரி செஞ்சு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் பிக்கப்பை நோக்கி நடந்தார்.

ரூலன் போன் செய்தான்.

"அப்பா வீட்டுக்கு வரச் சொல்றாரு."

"எந்த அப்பா?"

"எனக்கு ஒரே அப்பாதான்."

"பாதி பர்கர் கைல இருக்கு."

"தூக்கிப் போடு."

"நான் என்னடா பேசறது அவர்கிட்ட?"

"வான்கோழியப் பத்திக் கேளு."

"அதப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"அதனாலதான் கேக்கச் சொல்றேன்."

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. ஹைரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கையை ஆட்டாமல், ஆனால் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் போனான். அப்பாவின் பிக்கப் மட்டும் எஞ்சின் ஓட அங்கேயே நின்றது. ரூலன் பக்கத்தில் போனான்.

"நீங்க போங்கப்பா. நாங்க வந்துடறோம்."

"பின்னாடியே வரச் சொல்லு."

"எனக்கு வழி தெரியாதாப்பா?"

"கால்வாய்ப் பக்கம் ரோட்ட மாத்திட்டாங்க" என்றார் அப்பா. "நாலஞ்சு வருஷமாச்சு. உனக்குத் தெரியாது."