பொங்கலுக்கு மலையேறிய பைன் மரங்கள்

1996 ஜூலையில், கடக்வாஸ்லா அணைக்கு மேலிருக்கும் குன்றிலிருந்து நாற்பத்தொரு பைன் மரங்கள் இறங்கி வந்து வனத்துறைச் சந்தானத்தின் வீட்டுக்குள் நின்றுகொண்டன. வாசலில் வேரைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் நுழைந்தன. அந்த மரியாதையைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் கைத்தடிப் பருமன், கூரை உயரம். குன்றில் நிற்க இடமில்லை, அவ்வளவுதான்.

தெக்காணத்து வெயிலுக்குப் பைன் ஒத்துவராது என்று எழுபத்தாறிலேயே எல்லோரும் சொன்னார்கள். மரங்களிடம் யாரும் சொல்லாததால் அவை வளர்ந்தன. தப்பு சந்தானத்துடையது. பத்தடிக்கு ஒரு கன்று என்பது உத்தரவு. நட்டு முடித்தபின் பாதிக் கன்று மிச்சம். மனிதரோ நைந்த பாயையும் காதுபோன ஜாடியையும் பரணில் ஏற்றிவைக்கிறவர். போகியன்று அவர் வாசலில் மட்டும் சாம்பல் இருக்காது. கன்றை எறிய மனம் வருமா? இடுக்கிலெல்லாம் நட்டார். இருபது வருஷத்தில் குன்று உச்சிவேளையிலும் இருண்டது. புல் செத்தது, முயல் ஓடியது, முழங்கால் ஆழத்துக்கு ஊசிச் சருகு சேர்ந்தது.

அவர் மனைவி விசாலம் ஆறு மாதம் பொறுத்தாள். மரத்துக்கு மரம் கொடி கட்டிப் புடவை உலர்த்தினாள். அடுப்பங்கரைக்கு மரங்களுக்கிடையே ஒருக்களித்தே நடந்து நடந்து அவள் இளைத்ததை எங்கள் வனத்துறைக் காலனியே கவனித்தது, கொஞ்சம் பொறாமையோடு. டிசம்பரில் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"ஏன்னா, பொங்கலுக்குள்ள இதுகள் திரும்பிப் போகலேன்னா நீங்க இதுகளோடயே குடித்தனம் பண்ணுங்கோ. நான் அம்மா ஆத்துக்குப் போறேன்."

"அங்க இடம் வேணுமேடி. பாதியை வெட்டி, சருகைக் கொளுத்தணும்."

"கொளுத்துங்கோ."

"நட்டவன் கையாலயா?"

சாங்வியில் மரக்கடை வைத்திருந்த ஜலீல் பாய் கோடாரி ஆட்களோடு வந்து மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். வெட்டவேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்புக் குறி போடவேண்டிய சந்தானம், ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"சார், நீங்க மரம் பாக்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?" என்றார் ஜலீல்.

நான்காம் நாள் விசாலம் புடவையைச் செருகிக்கொண்டு குன்றேறிச் சுண்ணாம்பு வாளியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "கீரைப் பாத்தியில நெருக்கமா முளைச்சா களைஞ்சு விடறதில்லையா?" சாயங்காலத்துக்குள் எழுநூறு மரத்துக்குக் குறி விழுந்தது. ஜலீல் ஆட்கள் போகிக்குள் வெட்டி இறக்கினார்கள்.

போகி விடியல். பனியீரம், காற்றில்லை. காட்டைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகைச் சுரண்டித் தரையை மொட்டையாக்கியிருந்தார்கள். சந்தானம் பரணிலிருந்த பாயைச் சுருட்டி எடுத்து வந்து, அதைப் பற்றவைத்து மேல்விளிம்பில் போட்டார். தீ நிறைமாதக்காரி படியிறங்குவதுபோல மெல்லக் கீழே வந்தது. புகையில் கண் எரிகிறது என்றார். நாங்கள் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

பொங்கலன்று பால் பொங்குகிற நேரத்தில் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியேறி, ஆறிய கரிமண்ணில் போய் நின்றன. ஆகஸ்டில் புல் வந்தது, தொண்ணூற்றெட்டில் முயல். டிக்கெட் அதற்கு முன்பே ரத்தாகியிருந்தது.

நாற்பதுதான் போயின. கொடியின் ஒரு முனை கட்டியிருந்த மரத்தை விசாலம் விடவில்லை. "ஈரப்புடவையை எங்க போடறது?" போகிக்குப் போகி அது குன்றேறித் தன் ஜாதிசனத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும். 2007-இல் சந்தானம் ஓய்வுபெற்றுச் சாங்விக்குக் குடிபோனபோது டெம்போவில் அதுவும் ஏறியது. நாங்கள் எப்போதாவது போவதுண்டு. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பும் பக்கத்தில் ஒரு பிடி மண்ணும் கிடந்தால், மூன்று பேரும் வீட்டில் இருக்கிறார்கள், மணியடிக்கலாம்.