தாமாக முன்வந்து

புதன்கிழமை ஆறாவது பாடவேளை வரும்போது எனக்கு நிற்கவே தெம்பு இருக்காது. ஜுமுன்ஜின் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒருவன் அருங்காட்சியகத்துக்கு வழி கேட்பான், ஒருத்தி இடதுபக்கம் திரும்பச் சொல்வாள். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவார்கள், மறந்துவிடுவார்கள். அதனால்தான் நான்கு வருடத்துக்கு முன்பு புதன்கிழமை கடைசி வேளையைச் செய்திக்கென்று ஒதுக்கினேன். ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு சின்னச் செய்தி, அதைப் பற்றிப் பேச்சு, பிறகு நான்கு வரி எழுத்து. அவ்வளவுதான்.

போன அக்டோபரில் எங்கள் ஊரைப் பற்றியே ஒரு செய்தி வந்தது. கடலில் கணவாய் மீன் கிடைப்பது நின்றுபோனதால் துறைமுகத்துக் கணவாய்த் தொழிற்சாலையை மூடுகிறார்கள் என்று. தெரிந்த விஷயமென்றால் மொழி சுலபமாக வரும் என்று நினைத்து அதையே எடுத்துக்கொண்டேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிற மூன்றாம் ஆண்டு வகுப்பில் இரண்டு பேருடைய அம்மாக்கள் அங்கே வேலை பார்த்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

வழக்கம்போல தக்-ஹுன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"டீச்சர், கணவாய்க்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கும். அதான் செய்தியைப் படிச்சுட்டு ரஷ்யாவுக்கு ஓடிடுச்சு."

"நீயும் கொஞ்சம் படிச்சேன்னா உன்னையும் அனுப்பி வைக்கிறேன்" என்றேன். சிரித்தார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பியோ நா-கியோங் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதிகம் பேசுகிறவளும் இல்லை. கடைசி வரியில் ஒரு சொல்லின்மேல் விரல் வைத்துக் கேட்டாள்.

"இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

தொண்ணூறு பெண்கள் வேலையிலிருந்து விலகினார்கள் என்ற வரி அது. எப்படி விலகினார்கள் என்று சொல்கிற சொல்.

"தாமாக முன்வந்து. யாரும் சொல்லாம, அவங்களே விருப்பப்பட்டு."

"அப்ப இது பொய். எங்கம்மா மூணு நாள் கையெழுத்து போட மாட்டேன்னு இருந்தாங்க. எல்லாரும் போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லியிருக்காங்க."

தக்-ஹுன், "பேப்பருக்கு எழுதிப் போடுவோமா டீச்சர்?" என்றான். இந்தத் தடவை அவன் விளையாடவில்லை.

வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இரண்டு புதன்கிழமை அந்தக் கடிதத்துக்குப் போனது. செயப்பாட்டு வினையை நான் வருடம் முழுக்கச் சொல்லியும் ஏறாத பிள்ளைகள், கையெழுத்து போட்டார்களா, போட வைக்கப்பட்டார்களா என்று பலகை முன்னால் நின்று சண்டை போட்டார்கள். அம்மாவைப் பற்றிய வரியை நா-கியோங்கே எழுதினாள். பெயர்களை எடுத்துவிட்டு, ஜுமுன்ஜின் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்கள் என்று மட்டும் போட்டு அனுப்பினேன்.

பதில் வரவில்லை. ஐந்தாம் நாள் இணையத்தில் பார்த்தால் செய்தி அப்படியே இருந்தது, அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. திருத்தினோம் என்றோ வருந்துகிறோம் என்றோ எங்கும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கத்தினார்கள். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாளே துணைத் தலைமையாசிரியர் பாங் கூப்பிட்டனுப்பினார்.

"மேங் டீச்சர், தொழிற்சாலை மேலாளர் போன் பண்ணினார். பேப்பர்காரங்க உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டி அவரை விசாரிச்சாங்களாம். உங்க ஸ்கூல்ல பாடம் நடத்துறீங்களா, வழக்கு நடத்துறீங்களான்னு கேக்கிறார். பரீட்சைக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு, ரெண்டு பாடம் பாக்கின்னு பெத்தவங்க வேற போன் குழுவில எழுதுறாங்க. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

"பாடத்தை முடிச்சிடுவேன் சார்."

"முடிங்க. இனிமே செய்தி மாசத்துக்கு ஒரு தடவை போதும்."

வாதாடவில்லை. வாதாடினால் உட்கார்ந்து விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்வார். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

அன்று மாலை நா-கியோங்கின் அம்மா வந்தாள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"நல்லதுக்குத்தான் பண்ணீங்க டீச்சர், அது எனக்குத் தெரியுது. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அந்த மேலாளரோட மச்சான் மீன் முட்டை பதப்படுத்துற இடம் வச்சிருக்கான். அங்க சொல்லிவிடுறேன்னு இருந்தார். நேத்து போன் பண்ணி, உன் பொண்ணு நல்லா இங்கிலீஷ் எழுதுறாளாமேன்னார். அவ்வளவுதான், வச்சிட்டார்."

"கேட்டிருக்கணும். என் தப்புதான்."

"பாடம் முடிஞ்சதும் நீங்க வேற செய்திக்குப் போயிடுவீங்க. நான் இந்த ஊர்லயேதான் வேலை தேடணும்."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கிண்ணத்தைப் பிடித்த அவள் விரல்கள் உப்பில் ஊறி வெடித்திருந்தன. பாதி குடித்த பிறகு கேட்டாள்:

"என்னதான் எழுதினா அவ? வீட்டுல கேட்டா சொல்ல மாட்டேங்கிறா."

கடிதத்தை எடுத்து மகளின் வரியை ஆங்கிலத்தில் படித்து, அர்த்தமும் சொன்னேன். இன்னொரு தடவை ஆங்கிலத்திலேயே படிக்கச் சொன்னாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மூணு நாள்னுதான் எழுதியிருக்காளா?"

"ஆமா."

"நாலு நாள் டீச்சர். அவளுக்குத் தெரியாது. மொத நாள் நான் வீட்டுல சொல்லல."

கிண்ணத்தை வைத்துவிட்டு, வெளியே காத்திருந்த மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மீன் முட்டை பதப்படுத்துகிற வேலை அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. நவம்பரில் காங்னுங் நகரத்தில் ஒரு விடுதியில் துணி வெளுக்கும் வேலையில் சேர்ந்தாள். விடிவதற்குமுன் பேருந்து பிடிக்க வேண்டும். நா-கியோங் பரீட்சையில் எழுபத்தொன்று வாங்கினாள். முன்பைவிட இரண்டு குறைவு. என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறாள், அதற்குமேல் பேசுவதில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மாதத்துக்கு ஒரு புதன்கிழமை செய்தி வைக்கிறேன். வைப்பதற்குமுன், அதில் வருகிறவர்கள் யாராவது யாருக்காவது சொந்தமா என்று விசாரிக்கிறேன். சின்ன ஊர், அநேகமாக யாராவது இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வர ஒரு வாரம் ஆகிவிடுகிறது. சிலர் வேண்டாம் என்கிறார்கள். அப்போது தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேட்டில் ஏறி வந்து, வேறொன்று தேடுகிறேன்.